விட்டுப்போன ஒரு வரியும் மீன் கட்லட்டும்

உலகத்தில் கஞ்சர்கள் பலவகை. காசு கொடுக்காதவர்கள், குடை இரவல் கொடுக்காதவர்கள், காரில் போகும்போது பக்கத்து வண்டிக்கு வழி கொடுக்காதவர்கள். இவர்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு ஒதுங்கிக்கொள்ளலாம். நான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தும் இனத்திடமிருந்து ஒதுங்க முடியாது. ஏனென்றால் இவர்கள் கொடுப்பவர்கள். கேட்டதும் கொடுப்பார்கள், சிரித்த முகத்தோடு கொடுப்பார்கள், கேட்காததையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மிச்சம் அத்தனையையும் கொடுப்பார்கள். ஒன்றை விட்டுச் சொல்கிறவர்கள் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் சுகுமாரன் என்று ஒருவர். எங்கள் பினாங்கின் பாலிக் புலாவில் நல்ல டுரியான் பழம் எங்கே கிடைக்கும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். மலைப்பாதை எங்கே ஏறுகிறது, எந்தக் கோயிலைத் தாண்ட வேண்டும், எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் நாய் படுத்திருக்கும், அந்த நாய் கடிக்குமா கடிக்காதா என்பது வரை சொல்வார். பாலத்துக்கு அப்புறம் இடதா வலதா என்பது மட்டும் விட்டுப்போயிருக்கும். நீங்கள் ஏதோ ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்து முட்டுச்சந்தில் நின்று அவருக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டார். திங்கட்கிழமை காலையில் ரொம்ப வருத்தப்படுவார். "அடடா, வழி கிடைக்கலையா? ஈஸியான ஜாலான் லா அது!"

சுகுமாரன் வெறும் கற்றுக்குட்டி. இந்த இனத்தின் மேதைகள் வாழ்வது சமையலறையில். அதிலும் தலைசிறந்த மேதை ஜெலுத்தோங்கில் வாழ்கிறார். பெயர் வள்ளிநாயகி. என் உடன்பிறந்த அக்கா.

அக்காவின் மீன் கட்லட்டைப் பற்றி நான் புகழ்ந்து பேசினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் நடப்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் பிறந்தநாள் என்றால் அக்காவின் கட்லட். பரீட்சையில் பாஸ் என்றால் அக்காவின் கட்லட். ஆஸ்திரேலியாவிலிருந்து யாராவது லீவில் வந்தால், அம்மா அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் அக்காவின் கட்லட். வெளியே கடித்தால் மொறுமொறுவென்று நொறுங்கும், உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் எது எது என்று தெரியாமல் கலந்திருக்கும், மிளகு மெதுவாகப் பின்னால் வந்து தொண்டையைத் தட்டும். இரண்டு எடுத்தவர் மூன்றாவதை எடுக்கும்போது கேட்பார், "அக்கா, இதை எப்படிச் செய்யறீங்க?"

இதற்காகத்தான் அக்கா காத்திருப்பார்.

முதலில் அடக்கம். "இதில என்ன பிள்ளை இருக்கு? ஒண்டுமில்லை." எங்கள் கொள்ளுத்தாத்தா ரயில்வே குமாஸ்தா வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். அதற்குப் பிறகு நான்கு தலைமுறையாகப் பினாங்கில்தான் இருக்கிறோம்; அக்கா யாழ்ப்பாணத்தைப் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை, இரண்டும் டூர் பேக்கேஜ். மற்ற நேரத்தில் எல்லாரையும் போல "எங்க போறே, என்ன லா இது" என்று பேசுகிறவர், கட்லட் பேச்சு வந்தால் மட்டும் நேற்றுத்தான் கப்பலை விட்டு இறங்கியவர் மாதிரி பேசுவார். கேட்பவருக்கு ஒரு பயபக்தி வரவேண்டாமா?

அடுத்தது, எழுதித் தர மாட்டார். முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் கொடுத்தால் அது பின்னால் நம் கழுத்தைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். வாயால்தான் சொல்வார். அதுவும் குக்கர் விசில் அடிக்கும்போதோ, கீழே மோட்டார் சைக்கிள் போகும்போதோ சொல்வார். அளவு கேட்டால் "ஒரு கண்மட்டாப் போடு" என்பார். யாருடைய கண் என்று சொல்ல மாட்டார். மீனைச் சொல்வார், கிழங்கைச் சொல்வார், முட்டையைச் சொல்வார், ரொட்டித்தூளை எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று அந்தக் கடைக்காரரின் மகள் கல்யாணம் உட்பட எல்லாம் சொல்வார். கடைசியில் கையைத் தட்டிவிட்டு ஒரு முத்திரை வைப்பார். "அவ்வளவுதான் பிள்ளை, வேற ஒண்டுமில்லை."

இந்த இனத்தின் அடையாளம் இந்த வாக்கியம்தான். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்களிடம் குறிப்பு சொல்லிவிட்டு "அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை" என்று முடித்தால், வேறொன்று இருக்கிறது.

நீங்கள் வீட்டுக்குப் போய்ச் செய்வீர்கள். வராது. திரும்பிப் போய்ச் சொல்வீர்கள். அப்போது அக்கா உங்கள் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்து, டாக்டர் கெட்ட செய்தி சொல்வது போலச் சொல்வார். "அதுக்குக் கைமணம் வேணும் பிள்ளை. சிலபேருக்கு வரும். சிலபேருக்கு வராது."

என் மனைவி ஷர்மினிக்கு இந்தத் தீர்ப்பு நான்கு தடவை வழங்கப்பட்டிருக்கிறது. அவள் தாசேக் கெலுகோர் ஊர்க்காரி. எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். ஆட்டுக்கறி வைத்தால் மாடிப்படியில் போகிறவர் நின்று மூச்சு இழுத்துவிட்டுப் போவார்; அப்படிப்பட்ட கை அவளுடையது. ஆனால் எங்கள் குடும்பத்தில் அது கணக்கில் வராது. எங்கள் குடும்பத்தில் கை என்றால் கட்லட் சுடும் கை. யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். செய்தாள். நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் தின்றுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா அக்கா செஞ்ச மாதிரி வரலையே" என்றார்கள். அந்த 'ஆனா'வைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். புத்தி கெட்ட வயது.

இந்த வருஷம் எங்கள் மகள் தனுஜாவுக்கு இருபத்தொரு வயது. இங்கே இருபத்தொன்று என்றால் சும்மா விடமாட்டார்கள். ஹால் எடுத்து, கேக் வெட்டி, இனி தன் காலில் நிற்கலாம் என்பதற்கு அடையாளமாக அட்டையில் பெரிய சாவி செய்து கொடுத்து, சொந்தபந்தம் எல்லாம் வந்து தின்றுவிட்டுப் போக வேண்டும். அக்கா போன் செய்தார். "கட்லட் இருநூறு போதுமோ?"

"இல்ல அக்கா," என்றாள் ஷர்மினி. "இந்த வாட்டி நான் செய்யறேன். என் பொண்ணு பெர்த்டேக்கு என் கையால செய்யணும்."

அக்காவின் குரல் தேனாக வந்தது. "அதுக்கென்ன பிள்ளை. நான் வடிவாச் சொல்லித் தாறன்."

வடிவாகத்தான் சொன்னார். ஐந்தாம் முறையாக.

மூன்று வாரம் முன்னதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை. ஷர்மினி தெங்கிரி மீன் வாங்கி வேகவைத்து முள் எடுத்து உதிர்த்தாள், கிழங்கை மசித்தாள், உருட்டினாள், முட்டையில் தோய்த்தாள், ரொட்டித்தூளில் புரட்டினாள், எண்ணெயில் போட்டாள். முதல் கட்லட் ஒரு சுற்று சுற்றியது. பிறகு நடுவில் வாய் திறந்தது. இரண்டாவதும் திறந்தது. ஐந்து நிமிஷத்தில் சட்டி முழுக்க மீன் வேறு, கிழங்கு வேறு, ரொட்டித்தூள் வேறாகக் கட்சி பிரிந்து மிதந்தன. ஷர்மினி அடுப்பை அணைத்துவிட்டுத் தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக நான் அவளோடு இருக்கிறேன். அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மோகனா ஓடி வந்தாள். சட்டியைப் பார்த்தாள்.

"ஐயோ, ஏன்க்கா இப்படி வெடிச்சிருக்கு? பிரிட்ஜ்ல வச்சீங்களா இல்லையா?"

"எதை?"

"உருட்டின கட்லட்டைத்தான். அரை மணி நேரம் பிரிட்ஜ்ல வச்சுட்டுத்தானே எண்ணெயில போடணும்? வள்ளிநாயகி அக்காதான் சொன்னாங்க."

ஷர்மினி நாற்காலியை இழுத்து மோகனாவுக்குப் போட்டாள். "உனக்கு அக்கா சொல்லிக் கொடுத்தாங்களா? செஞ்சியா? எப்படி வந்துச்சு?"

"உடையலக்கா. ஆனா ஒரே மீன் கவிச்சி. எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டு பூனைக்குப் போட்டுட்டாரு. எனக்குக் கைமணம் இல்லையாம்."

ஷர்மினி உடனே ராகினிக்கு வீடியோ கால் போட்டாள். ராகினி யார் தெரியுமா? அக்காவின் சொந்த மருமகள். அக்காவோடு ஒரே வீட்டில் இருக்கிறவள்.

"மீன் வேகுறப்ப காய்ஞ்ச அசாம் கெப்பிங் ஒரு துண்டு போடணும் ஆன்ட்டி, புளிப்பு ஏறினா கவிச்சி போயிடும்," என்றாள் ராகினி, குரலைத் தாழ்த்தி. மாமியார் பக்கத்து அறையில் இருந்தார் போலிருக்கிறது. "அதெல்லாம் எனக்குச் சொன்னாங்க. பிரிட்ஜும் சொன்னாங்க. ஆனா எனக்கு உள்ளே சொதசொதன்னு தண்ணி விட்டுக்கும், வெங்காயம் பச்சையா நிக்கும்."

"வெங்காயத்தை வதக்கிப் போடலையா நீ?" என்றாள் ஷர்மினி.

"வதக்கணுமா?"

"எனக்கு அப்படித்தானே சொன்னாங்க! தண்ணி சுண்டற வரைக்கும் வதக்குன்னு!"

தனுஜா நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டாள். அம்மாவுக்கு பிரிட்ஜ் இல்லை. மோகனா ஆன்ட்டிக்கு அசாம் இல்லை. ராகினி அண்ணிக்கு வதக்கல் இல்லை. மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் ஒருத்தியின் ஓட்டையை இன்னொருத்தி அடைத்துவிடுகிறாள். அக்காவின் கணக்கில் எங்கே பிசகியது என்று நானும் பிறகு யோசித்துப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே வரியை விட்டுச் சொல்லியிருந்தால் இந்த ஜன்மத்தில் பிடிபட்டிருக்க மாட்டார். ஆனால் ஆளுக்கொரு வரியை விடுவதில்தானே கலைஞருக்கு மகிழ்ச்சி? அதைவிட, தோற்றுப்போன மூன்று பெண்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கைமணம் இல்லாததைப் பற்றி யார் வெளியே பேசுவார்கள்?

"சொந்த மருமகளுக்குமா?" என்றாள் மோகனா.

"எனக்கு ஆறு வருஷமா," என்றாள் ராகினி. சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

ஷர்மினி அழுதாள். கோபத்தில்தான் அழுதாள், ஆனால் அதில் நிம்மதியும் இருந்தது. கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவ்வளவு வருஷமும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அப்போது என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தால் இதுதான் வரும். "அப்பா, நீங்க அத்தை கூடவே வளர்ந்தீங்களே. பிரிட்ஜ்ல தட்டு தட்டா வச்சிருந்ததைப் பார்த்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். அதிலிருந்து திருடிப் பச்சையாகவே தின்றிருக்கிறேன். "யாரும் என்னைக் கேக்கலையே" என்றேன். நான்கு ஜோடிக் கண்கள், அதில் ஒன்று போனுக்குள்ளிருந்து, என்னைப் பார்த்தன. நான் எழுந்து போய்ச் சட்டியைக் கழுவினேன்.

அடுத்த ஞாயிறு மறு ஒத்திகை. தெங்கிரியை உப்பும் மஞ்சளும் அசாம் கெப்பிங்கும் போட்டு வேகவைத்து, நீரை வடித்து உதிர்த்தார்கள். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, ஆறவிட்டு மசித்தார்கள். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையைத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கினார்கள். மிளகு, கொஞ்சம் எலுமிச்சை. உருட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி, தட்டில் அடுக்கி, அரை மணி நேரம் பிரிட்ஜ். எண்ணெயில் போட்டபோது ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. எல்லாரும் கடித்தோம். அருமை.

ஆனால் அக்காவுடையது இல்லை. யாரும் சொல்லவில்லை; எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரிடமும் விட்டுச் சொன்ன ஒன்று இன்னும் இருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். பத்து வயதில் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சொன்னால் அக்காவுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் மனைவிக்குத் துரோகம். அக்கா ஜெலுத்தோங்கில் இருந்தார். மனைவி இரண்டடி தூரத்தில் கரண்டியோடு இருந்தாள். ஷர்மினியின் காதில் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதையா இருபத்திரண்டு வருஷமா வாயில வச்சிக்கிட்டு இருந்தீங்க?" அன்று ராத்திரி எனக்குச் சோறு போட்டது என் மகள்.

அது என்னவென்றா கேட்கிறீர்கள்? சின்ன விஷயம். அதில் ஒன்றும் இல்லை.

பிறந்தநாள் வந்தது. ஹாலில் நீள மேஜை போட்டு, மீகோரெங் நூடுல்ஸ், கோழி, கேக் எல்லாவற்றுக்கும் நடுவில் ஷர்மினியின் இருநூறு கட்லட்டும் இரண்டு பெரிய தட்டில் குவிந்திருந்தன. அக்கா பட்டுச்சேலையில் வந்தார். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா.

"ஒரு பாதுகாப்புக்கு நாப்பது செய்து கொண்டு வந்தனான் பிள்ளை. உன்ர உடைஞ்சு கிடைஞ்சு போயிட்டா, சனம் பசியோட நிக்கக் கூடாதெல்லோ."

ஷர்மினி மூன்றாவதாக ஒரு நீலத் தட்டு எடுத்து, அந்த நாற்பதையும் அடுக்கி, தன் இரண்டு தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அக்கா ஹாலைச் சுற்றி எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டு அரைமணி நேரம் கழித்து மேஜைக்கு வந்தார். அதற்குள் மூன்று தட்டும் பாதி காலியாகி, இடம் மாறி, புதிதாக வருபவருக்கு யாருடையது எது என்று தெரியாமல் கிடந்தன. அக்கா ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். சுற்றி நின்றவர்களுக்கு அதை உயர்த்திக் காட்டினார்.

"பாத்தியளே? இதுதான் கைமணம். எத்தினை பேருக்குச் சொல்லிக் குடுத்தாலும் இது வராது."

"அத்தை," என்றாள் தனுஜா, மிகவும் மரியாதையாக. "அது அம்மா தட்டு. உங்களுடையது அந்தப் பக்கம், நீலத் தட்டு."

அக்கா கையிலிருந்த பாதிக் கட்லட்டைப் பார்த்தார். இன்னொரு கடி கடித்தார், மெதுவாக, பரிசோதனைச் சாலையில் கடிப்பது போல. மூன்றாவது கடியில் அந்த நான்காவது ரகசியம் நாக்கில் பட்டிருக்க வேண்டும்; ஏனென்றால் அவர் தலை நேராக என் பக்கம் திரும்பியது. நான் கேக்கின் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன்.

"ஆர் சொல்லித் தந்தது?" என்றார்.

"நீங்கதான் அக்கா," என்றாள் ஷர்மினி. "எனக்குக் கொஞ்சம், மோகனாவுக்குக் கொஞ்சம், ராகினிக்குக் கொஞ்சம். நாங்க சேர்த்துக்கிட்டோம்."

அக்காவின் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று வந்தது. வெட்கம் என்று சொன்னால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார். மோகனாவும் ராகினியும் ஒரு பக்கம், ஷர்மினி ஒரு பக்கம். அக்கா நடுவில் பாதிக் கட்லட்டோடு நின்றார். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த ஷர்மினி அந்த நிமிஷத்தை நன்றாக மென்று தின்றாள். அது அவளுக்கு வரவேண்டிய பாக்கி.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நானும் நல்லதொரு நீதி சொல்லி முடித்திருப்பேன். ஆனால் தாசேக் கெலுகோரிலிருந்து ஷர்மினியின் சின்னம்மா புஷ்பவள்ளி வந்திருந்தார். வாயில் ஒன்று, கையில் இரண்டு.

"ஷர்மினி, பிரமாதம்மா! எப்படிச் செஞ்சே? எழுதிக் குடேன், நம்ம வீட்டுலயும் செய்யச் சொல்றேன்."

"எழுதறதெல்லாம் எதுக்கு சின்னம்மா? இதுல என்ன இருக்கு, ஈஸி லா. சொல்றேன் கேளுங்க."

சொன்னாள். தெங்கிரி வந்தது, அசாம் கெப்பிங் வந்தது, கிழங்கு தோலோடு வந்தது, வதக்கிய வெங்காயம் வந்தது, மிளகு, எலுமிச்சை, முட்டை வந்தன, ரொட்டித்தூள் வாங்கும் கடை வந்தது, அந்தக் கடைக்காரரின் மகள் கல்யாணமும் வந்தது. நான் பிரிட்ஜுக்காகக் காத்திருந்தேன். பிரிட்ஜ் வரவில்லை.

"அப்படியே சுட்டு எடுத்துர வேண்டியதுதான்," என்றாள் என் மனைவி, கையைத் தட்டிக்கொண்டு. "அவ்வளவுதான் சின்னம்மா, வேற ஒண்ணும் இல்ல."

பின்னால் நின்ற அக்கா அதைக் கேட்டார். முழுவதையும் கேட்டார். மெல்ல வந்து ஷர்மினியின் தோளில் கை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி கேட்க ஆசைப்பட்ட வார்த்தையை, ஊர் கூடி நிற்க, வாய் நிறையச் சொன்னார்.

"இப்பத்தான் பிள்ளை, நீ எங்கட வீட்டு ஆள்."

ஷர்மினிக்கு முகம் சிவந்தது. மகிழ்ச்சியா, மாட்டிக்கொண்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். தனுஜா இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் கட்டம் போட்ட தாளை மடித்துப் பையில் வைத்திருந்ததை நான் கவனித்தேன். அதை அவள் யாருக்கும் காட்டவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் யாரோ உங்களிடம் வந்து, இந்த ரசத்துக்கு என்ன போடுவீர்கள், இந்தச் சட்டையை எங்கே தைத்தீர்கள், பிள்ளைக்கு அந்தக் கல்லூரியில் இடம் எப்படிக் கிடைத்தது என்று ஏதோ ஒன்று கேட்டார்களே? எல்லாம் சொன்னீர்களே? எதை விட்டீர்கள்?

என்னைச் சந்தேகப்படாதீர்கள். மீன் கட்லட் செய்யும் முறையை மேலே ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். தாராளமாகச் செய்து பாருங்கள். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.